வாசல் சாடியில் துளிர்த்த கதியால்

நத்தார் (கிறிஸ்மஸ்) நெருங்கும்போது இங்கே கனடாவில் எந்தப் பூக்கன்றுக் கடைக்குப் போனாலும் வாசலிலேயே ஒரு வாளி நிறையச் சிவப்புத் தடிகள் வைத்திருப்பார்கள். பக்கத்தில் சீடர் மரக் கொப்பு, பைன் கொப்பு, பைன் காய். எல்லாவற்றையும் வாங்கி வீட்டு வாசல் சாடியில் குத்திவிட்டால் ஸ்னோ கரையும்வரை அப்படியே நிற்கும். 2015 நவம்பரில் நானும் ஒரு கட்டு வாங்கினேன். பத்துத் தடி, ஒவ்வொன்றும் என் இடுப்பு உயரம். அந்தச் சிவப்பைப் பார்த்தபோது சாயம் பூசியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஈரத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை.

அடுத்த வருடம் ஏப்ரல் கடைசியில் சீடர் கொப்பெல்லாம் மண்ணிறமாகிக் கொட்டத் தொடங்கியது. சாடியை வெறுமையாக்கி, தடிகளைத் தோட்டக் குப்பைக்கான கடதாசிப் பையில் திணித்துக்கொண்டிருந்தேன். மாமி வாசலில் கதிரை போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

"நில் பிள்ளை. அதில ஒண்டை இஞ்ச தா."

தடியை வாங்கி, நுனியிலிருந்து ஒரு சாண் கீழே பெருவிரல் நகத்தால் சுரண்டினார். சிவப்புத் தோல் மெல்லிய சுருளாக விலகியது. உள்ளே பச்சை. காய்ந்த பச்சை இல்லை, வெள்ளரிக்காயைச் சீவும்போது தோலுக்குக் கீழே தெரியுமே, அந்த ஈரப் பச்சை. பிறகு தடியைத் தலைகீழாகத் திருப்பினார். மண்ணுக்குள் இருந்த அடிப்பக்கத்தில், கணுவைச் சுற்றி நாலைந்து வெள்ளை வேர். நெல்மணி நீளம்தான் இருக்கும். மேலே அரும்புகள் சோடி சோடியாக, எதிரெதிரே, தடியோடு ஒட்டிப் படுத்திருந்தன. நுனிச் சோடி மட்டும் வாய் திறந்து பச்சை காட்டிக்கொண்டிருந்தது.

"இது சாகேல்லை. கதியால் இது. எறியாத."

யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கதியால் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வேலிக்கு உயிருள்ள தடி நடுவதுதான் கதியால் போடுவது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவை என்று வெட்டி நட்டால் வேர் விடுகிற மரமாகப் பார்த்து, ஆள் உயரத் தடிகளாக வெட்டி, அலவாங்கால் குழி போட்டு வரிசையாக நாட்டுவார்கள். அதில்தான் கிடுகோ பனையோலையோ வைத்துக் கட்டுவது. மாமியின் ஊர் உரும்பிராய். மாரி தொடங்க முன்னம் அவருடைய ஐயா கதியால் வெட்டும்போது, மேல் வெட்டுவாயில் சாணி உருட்டி அப்புவது சின்னப் பிள்ளைகளின் வேலையாம். நுனி காய்ந்துவிட்டால் கீழே வேர் விட முன்னமே தடி செத்துவிடும் என்பதற்காக அது. பிறகு வருடா வருடம் கொப்புத் தறித்து, குழையை ஆட்டுக்குப் போடுவார்கள், தோட்டத்தில் தாழ்ப்பார்கள். தறிக்கத் தறிக்கத்தான் வேலி அடர்த்தியாகும்.

எனக்கு இதெல்லாம் காதால் கேட்ட கதை. ஒன்பது வயதில் ஊரை விட்டு வெளிக்கிட்டு, கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட்டில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் இருந்த ஒரே செடி பால்கனியில் ஒரு கற்பூரவள்ளி. ரொறன்ரோவுக்குக் கிழக்கே ஏஜாக்ஸில் 2014இல் இந்த வீட்டை வாங்கியபோதுதான் முதல்முதலாகச் சொந்தமாக ஒரு துண்டு மண் கிடைத்தது. அதில் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு வருடம் புல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பத்துத் தடியில் ஏழுக்கு உயிர் இருந்தது. என்னுடைய தோட்டம் அந்த ஏழு தடியில்தான் தொடங்கியது.

அதன் பெயர் ரெட் ட்விக் டொக்வுட். ரெட் ஓசியர் டொக்வுட் என்றும் சொல்வார்கள். தாவரவியல் பெயர் கோர்னஸ் செரிசியா. டொக்வுட் என்றதும் பலருக்கு நினைவு வருவது பெரிய வெள்ளைப் பூப் பூக்கும் மரம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பூவும் அந்த வகையில் ஒன்றுதான். இது அந்த மரம் இல்லை. இது பத்தை, அதாவது புதர். நிலத்திலிருந்தே பல தடிகளாகக் கிளம்பி, ஆளை விட உயரமாக, இரண்டு மூன்று மீற்றர் வரை போகும், அதே அளவு அகலத்துக்கும் பரவும். நிலத்தில் படுகிற கொப்பு அந்த இடத்திலேயே வேர் விட்டு இன்னொரு பத்தையாகும். கனடாவின் பெரும்பகுதியில் தானாக வளர்கிற சொந்தச் செடி, மைனஸ் 40 பாகைக் குளிரையும் தாங்கும். இதே மாதிரிச் சிவப்புத் தடியோடு சைபீரியா, வடசீனா, கொரியாப் பக்கத்திலிருந்து வந்த இனம் ஒன்றும் இருக்கிறது, கோர்னஸ் அல்பா. வெள்ளை விளிம்பு வைத்த இலையோடு கடைகளில் நிற்பது பெரும்பாலும் அந்த இனம்தான். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். இரண்டும் நன்றாக வளரும். என் விருப்பம் இந்த நாட்டுச் செடிதான், இங்கத்தைப் பறவைகளுக்கும் பூச்சிகளுக்கும் காலங்காலமாகப் பழகியது அது.

டொக்வுட்தானா என்று உறுதிப்படுத்த எனக்குத் தெரிந்த வடிவான வழி ஒன்று இருக்கிறது. ஒரு இலையைப் பிடுங்கி, குறுக்கே மெல்ல மெல்லக் கிழியுங்கள். முழுதாகப் பிரிய முன்னம் நிறுத்துங்கள். நரம்புகளிலிருந்து சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள் இழுபட்டு வரும். கீழ்ப்பாதி இலை அந்த இழைகளில் தொங்கிக்கொண்டு நிற்கும். மகன் சின்ன வயதில் இதைப் பார்த்துவிட்டு எத்தனை இலை கிழித்தான் என்று கணக்கில்லை. இலை நரம்பைப் பார்த்தாலும் தெரியும், விளிம்புக்கு நேராகப் போகாமல் வளைந்து நுனியை நோக்கி ஓடும்.

பெயர் தெரிந்த பிறகுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. இந்தச் சிவப்பை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். 2013 டிசம்பர் 21, 22இல் வந்த பனிமழை (விழுந்த இடத்திலேயே ஐஸாக உறைகிற மழை) ரொறன்ரோவில் இருந்த ஒருவருக்கும் மறக்காது. மூன்று லட்சம் வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் இல்லை. நாங்கள் அப்போது ஸ்காபரோவில் அபார்ட்மென்றில். இரண்டாம் நாள் வீட்டுக்குள்ளும் குளிர் ஏறிவிட, உடம்பைச் சூடாக்கவென்று ஹைலன்ட் கிறீக் பக்கம் நடந்து போனோம். மரமெல்லாம் முறிந்து கிடந்தது. ஆற்றங்கரையில் மட்டும் ஒரு பத்தை முறியாமல், ஒவ்வொரு தடியும் கண்ணாடிக் குழாய்க்குள் போட்டது மாதிரி, உள்ளே சிவப்பாக நின்றது. மற்ற மரங்கள் பாரத்தில் முறிந்தபோது இது வளைந்து கொடுத்திருக்கிறது. அன்றைக்கு அதைச் செடி என்றே நான் யோசிக்கவில்லை. குளிரில் கை விறைத்துப்போய் நின்று பார்த்தது மட்டும் நினைவிருக்கிறது.

எங்கள் பின்வளவில் ஒரு மூலை எப்போதும் சதுப்பு. புதிதாகக் கட்டிய வீட்டுத்தொகுதிகளில் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, கடைசியில் மெல்லிய படையாகத்தான் போட்டுத் தருவார்கள். அதற்குக் கீழே களி. கூரைத் தண்ணீர்க் குழாய் வந்து விழும் அந்த மூலையில் புல் அழுகும், வேறெதுவும் நிற்காது. டொக்வுட்டுக்கு அதுதான் சொர்க்கம். ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வளர்ந்து பழகிய செடிக்குக் களியும் ஈரமும் பிரச்சினையே இல்லை. ஒன்றை மட்டும் கவனித்தோம். இரண்டு வளவுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடுவதற்கென்று விட்டிருக்கும் பள்ளத்தில் நடவில்லை, அதற்கு மேலே கரையில்தான் நட்டோம். பள்ளத்தை அடைத்தால் பக்கத்து வீட்டு பேஸ்மென்றுக்குள் தண்ணீர் போகும்.

வெயிலையும் பார்க்கவேண்டும். நிழலிலும் இது வளரும், ஆனால் தடி சிவக்காது. அந்த மூலைக்கு மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரைக்கும் வெயில்.

இடைவெளியில்தான் பிழை விட்டேன். மாமி கதியால் கணக்கில் முழத்துக்கு ஒன்றாகப் போடச் சொன்னார், நானும் போட்டேன். வேலிக் கதியால் நெருக்கமாக நிற்கவேண்டும், ஓலை கட்டவேண்டுமே. இது அகலப் பரவுகிற பத்தை. மூன்றாம் வருடம் ஏழும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, நடுவில் காற்றுப் போகாமல், இலையெல்லாம் ஊதா நிறப் புள்ளி விழத் தொடங்கியது. இலைப்புள்ளி நோய், பூஞ்சணம். பத்தையைக் கொல்லாது, பார்க்கத்தான் பாவமாக இருக்கும். மூன்றைக் கிண்டி முன்னால் இன்னொரு வரிசையாக நட்டேன். விழுந்த இலைகளைக் கூட்டி எடுத்தேன், தண்ணீரை இலையில் படாமல் அடியில் மட்டும் விட்டேன். அடுத்த வருடம் புள்ளி பாதியாகக் குறைந்தது. இப்போது யாராவது கேட்டால் நாலடி இடைவெளி சொல்வேன், அடர்ந்த வேலிதான் வேண்டும் என்றால் மூன்று.

ஆனால் நான் உண்மையில் எழுத வந்தது வெட்டுவதைப் பற்றி.

முதல் மூன்று வருடம் நான் ஒரு தடியையும் தொடவில்லை. தொட மனம் வரவில்லை. குப்பைப் பையிலிருந்து எடுத்த தடி, அது நிமிர்ந்து வளர்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்குப் போதுமாக இருந்தது. 2018 யூனில் நாங்கள் வீட்டில் இல்லாத நேரம், புல் வெட்ட வந்தவர்கள் நாங்கள் சொல்லாமலே வேலி வெட்டும் மெஷினால் பத்தைகளை உருண்டையாகச் சீவிவிட்டுப் போயிருந்தார்கள். வந்து பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. நுனியை மட்டும் சீவினால் இந்தச் செடி என்ன செய்யும் தெரியுமா? வெட்டுப்பட்ட ஒவ்வொரு நுனியிலும் இரண்டு மெல்லிய குச்சி விடும். மேலே விளக்குமாறு மாதிரி ஒரு குவியல், கீழே இலையில்லாத கிழட்டுத் தடிகள். அந்த வின்ரரில் ஸ்னோ விழுந்தபோது என் வளவில் சிவப்பே இல்லை. அடித்தடிகள் சாம்பல் கலந்த மண்ணிறம். தோல் வெடித்து, தொட்டால் சொரசொரத்தது. வாளியில் பார்த்த அந்தச் செடிதானா இது என்று சந்தேகம் வந்தது.

சிவப்பு இளம் தோலில்தான் இருக்கிறது. ஒரு வயது, இரண்டு வயதுத் தடிகள் நல்ல சிவப்பு. மூன்றாம் வருடத்திலிருந்து அடியில் தக்கை படர்ந்து நிறம் மங்கிவிடும். அந்த நிறத்தைக் கொடுப்பது அந்தோசயனின். நாவற்பழம் தின்றால் நாக்கை ஊதாவாக்குவதும் அந்த இனத்துச் சாயம்தான். கோடையில் தடி பச்சை கலந்து மங்கலாக இருக்கும். ஒக்ரோபரில் இலை விழுந்து, வெயில் நேராகத் தோலில் பட, இரவில் குளிர் ஏற ஏறச் சாயம் ஊறும். சனவரியில் ஒரு தடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். தெற்குப் பார்த்த பக்கம் கடுஞ்சிவப்பாகவும், வெயில் படாத பின்பக்கம் பச்சை தெரிய வெளிறியும் இருக்கும். சிவப்பின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள், அவை தோல் மூச்சு விடும் துவாரங்கள். ஏப்ரலில் அரும்பு விரியும்போது சிவப்பு மெல்ல வடிந்துவிடும்.

ஆகவே வருடா வருடம் புதுத் தடி வரவேண்டும். புதுத் தடி வர, பழையதை வெட்டவேண்டும். மாமி இதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். "தறிச்சாத்தானே பிள்ளை வேலி. விட்டா அது காடு." நான்தான் கேட்கவில்லை.

2019 மார்ச் கடைசியில், நிலம் இளகி, அரும்பு இன்னும் மூடியிருந்த ஒரு சனிக்கிழமை, நீளப்பிடிக் கத்தரியோடு இறங்கினேன். முன் வரிசை மூன்றையும் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் முழுதாக வெட்டினேன். முதல் தடியை வெட்டக் கை நடுங்கியது. வெட்டுவாயில் வெள்ளைக் கட்டை, நடுவில் மெல்லிய நெட்டி. எல்லாம் முடிந்து பார்த்தபோது முன்னால் மூன்று கட்டைக் குவியல், புதைகுழி மாதிரி. இரவு நித்திரை வரவில்லை. மே நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டையிலும் பத்துப் பன்னிரண்டு முளை. ஓகஸ்ற் முடிவில் என் நெஞ்சு உயரம். அந்த டிசம்பர் முதல் ஸ்னோ விழுந்த விடியற்காலை, குசினி யன்னலால் பார்த்தபோது நெருப்பு எரிகிறது என்றே ஒரு கணம் நினைத்தேன். மாமியை எழுப்பிக் காட்டினேன். அவர் போர்வையோடு வந்து யன்னலடியில் நின்று, தேத்தண்ணீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

முழுதாக வெட்டினால் ஒரு இழப்பு உண்டு. அந்த வருடம் பூவும் காயும் இல்லை, அவை போன வருடத் தடியில்தான் வரும். பூ ஒன்றும் பெரிதில்லை. மே கடைசியில் சின்ன வெள்ளைப் பூக்கள் தட்டையான கொத்தாக இருக்கும், தேனீக்களும் சின்ன வண்டுகளும் மொய்க்கும். காய்தான் முக்கியம். ஓகஸ்றில் முத்து மாதிரி வெள்ளைக் காய், சிவந்த காம்பில். எங்கள் நாக்குக்குக் கைப்பு. பறவைகளுக்கு அப்படியில்லை. ரொபின் ஒரு காலையில் ஒரு பக்கத்தைக் காலி பண்ணும். சீடர் வக்ஸ்விங் என்று கண்ணுக்குக் கறுப்புப் பட்டி கட்டிய பழுப்புப் பறவை ஒன்று, அது கூட்டமாக வந்து போனால் மிச்சம் எதுவும் இராது. அதனால் பின் வரிசை நாலையும் நான் முழுதாக வெட்டுவதில்லை. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, பெருவிரலை விட மொத்தமான, சாம்பல் பிடித்த தடிகளை மட்டும் அடியோடு எடுப்பேன். மூன்று வருடத்தில் பத்தை முழுவதும் புதுசாகிவிடும். முன் வரிசை நிறத்துக்கு, பின் வரிசை பறவைக்கு. இளம் கன்றை முதல் இரண்டு வருடம் வெட்டாமல் விடுவது சரி. நான் அதையும் தாண்டி விட்டதுதான் பிழை.

முயலைப் பற்றியும் சொல்லவேண்டும். வின்ரரில் தின்ன ஒன்றுமில்லாத காலத்தில் முயலுக்கு இந்தத் தோல் விருப்பம். இரண்டடி உயரத்துக்குக் கோழிக்கம்பி சுற்றியிருந்தேன், சில வருடம் போதுமாக இருந்தது. 2022 சனவரி 17 வந்த ஸ்னோ புயலில் கம்பி அப்படியே மூடுபட்டுவிட்டது. முயல்கள் இறுகிய ஸ்னோவின் மேல் ஏறி நின்று, கம்பிக்கு மேலே நின்ற நுனிகளையெல்லாம் தின்றுவிட்டன. கத்தியால் சீவியது மாதிரிச் சரிவான, சுத்தமான வெட்டு. மான் கடித்தால் நார் நாராகப் பிய்ந்திருக்கும், முயல் அப்படியில்லை. பத்தை சாகவில்லை, வசந்தத்தில் கீழிருந்து முளைத்தது. அதன் பிறகு நான்கடிக் கம்பி போடுகிறேன், பெரிய ஸ்னோவுக்குப் பிறகு போய்ச் சுற்றிவர மிதித்துத் தாழ்த்திவிட்டு வருவேன்.

ஒரு யூலையில் இலைக்கடியில் வெள்ளை மா பூசிய புழுக்கள் சுருண்டு கிடந்தன. மாமி மயிர்க்கொட்டி என்றார். மயிர் இல்லை, அது டொக்வுட் சோஃப்ளை என்ற, குளவிக்குச் சொந்தமான ஒரு பூச்சியின் புழு. வளர்ந்தால் வெள்ளை கழன்று, மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி தெரியும். வண்ணத்திப்பூச்சிப் புழுவுக்கென்று விற்கிற பீரி (Bt) என்ற பக்டீரியா மருந்து இதில் வேலை செய்யாது. கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீர் வாளிக்குள் தட்டினேன். இரண்டு நாளில் முடிந்தது.

டஃபின்ஸ் கிறீக் ஆற்றின் ஓரம் நடக்கப் போனால் இந்தச் செடியைத்தான் நிறையப் பார்க்கிறேன். வளர்த்த பிறகுதான் கண்ணில் படுகிறது. ஆற்றங்கரை அரிக்கிற இடங்களில் வில்லோவையும் டொக்வுட்டையும் தடியாகவே அடித்து நடுவது இங்கே வழக்கம். 'லைவ் ஸ்ரேக்' என்று பெயர். இரண்டு மூன்றடித் தடி, முக்கால் பங்கு மண்ணுக்குள், வேர் போய்க் கரையைப் பிடித்துக்கொள்ளும். மாமியிடம் சொன்னேன். "கதியால் எண்டு சொல்லன்" என்றார். இந்த நிலத்தின் ஆதிக்குடிகள் இதன் தடியால் கூடை பின்னியிருக்கிறார்கள், உட்பட்டையைக் காயவைத்து மற்ற இலைகளோடு கலந்து புகைத்திருக்கிறார்கள். சிவப்பு வில்லோ என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. ஆற்றங்கரைப் பத்தையில் நாங்கள் கை வைப்பதில்லை. அது பாதுகாத்த நிலம், அதோடு அந்தக் காயை நம்பி வேறு உயிர்கள் இருக்கின்றன.

எனக்கு வெட்டியதே மிஞ்சுகிறது. அதில் பென்சில் மொத்தமான போன வருடத் தடியாகப் பார்த்து ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக நறுக்குவேன். அடிப்பக்கம் கணுவுக்குக் கீழே சரிவாக வெட்டு, மேல்பக்கம் கணுவுக்கு மேலே நேராக வெட்டு. எது மேல், எது கீழ் என்று பிறகு குழம்பாது, தலைகீழாக நட்டால் வேர் விடாது. மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். முதல் கோடையில் மண் காயவே விடக்கூடாது. கிழமைக்கு இரண்டு தடவை ஆழமாகத் தண்ணீர், அடியில் மரத்தூள், தடியில் முட்டாமல். பசளை ஒன்றும் வேண்டாம். வேர்ப்பவுடர் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பத்தில் ஏழெட்டு வந்துவிடும். மார்க்கம் நகரில் என் சிநேகிதி வீட்டில் ஐந்து நிற்கிறது. பிராம்ப்டனில் மச்சாள் வீட்டில் மூன்று. மகனின் வகுப்பு ரீச்சர் ஒரு கட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், நத்தார்ச் சாடிக்கு. ஏப்ரலில் எறியவேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

மாமிக்கு இப்போது 83. முழங்கால் மடங்காது, வலது கண்ணில் பார்வை குறைவு. இந்த மார்ச்சில் நான் வெட்டும்போது டெக்கில் கம்பளியோடு கதிரையில் இருந்து, ஊன்றுகோலால் காட்டிக்கொண்டிருந்தார். "அந்தக் கிழட்டை எடு. இல்லை, அதுக்குப் பின்னால. ஓம், அது." முப்பத்தொரு தடி நறுக்கினோம். ரப்பர் பாண்ட் போட்டு, இரண்டு அங்குலத் தண்ணீர் விட்ட வாளியில் கராஜுக்குள் வைத்தாயிற்று. ஒன்றை மட்டும் வாசல் சாடியில் தானே வைக்கவேண்டும் என்று கேட்டார்.

சாடியை அவர் மடிக்கு எட்டும் உயரத்தில் ஸ்ரூலில் தூக்கி வைத்தேன். தடியை வாங்கியவர் வெட்டுவாயைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலைக் கீழிருந்து மேலாக ஓட்டினார், பிறகு மேலிருந்து கீழாக. அரும்பின் கூர் நகத்தில் தட்டுப்பட்டதும் தடியைச் சரியான பக்கம் திருப்பி, மண்ணுக்குள் இறக்கி, சுற்றிவரப் பெருவிரலால் அமத்தினார்.

"சாணி இல்லை" என்றேன்.

"மெழுகுதிரி இருக்கோ?"

சாமியறையிலிருந்து எடுத்து வந்து கொளுத்திக் கொடுத்தேன். கை ஆடாமல் பிடித்து, வெட்டுவாயில் மூன்று சொட்டு விட்டார்.